உப்புப் போடுகிறவரின் பிரஷரை யார் பார்ப்பது?

எங்கள் வீட்டில் கடந்த ஆறு மாதமாக ஒரு உப்பு அரசியல் நடந்துகொண்டிருக்கிறது. ஆளுங்கட்சி அம்மா. எதிர்க்கட்சி ஆச்சி. நடுவில் மாட்டிக்கொண்ட பொதுஜனம் அப்பா. நான் வழக்கம்போல வேடிக்கை பார்க்கிற ஆள். வேடிக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது தப்பு என்று புரிய எனக்குக் கொஞ்சம் லேட் ஆகிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு வயது 51. ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திருப்பார். ஒருநாள் எங்கள் தெருவில் நடந்த மருத்துவ முகாமில் சும்மா கையை நீட்டியிருக்கிறார். 152/94 என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் டாக்டரிடம் போனோம். வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்த்தார். சராசரியாக 146/92. சுகர், கிட்னி, ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல். "லேசான பிரஷர்தான். இப்பவே மாத்திரை வேண்டாம். உப்பைக் குறைங்க, நடங்க, எடையைக் குறைங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

மொத்தம் மூன்று நிமிஷம் இருக்கும். டாக்டர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. 140/90-ஐத் தாண்டி, ஆனால் 160/100-க்குள் இருந்து, சர்க்கரை, சிறுநீரகம், இதயக் கோளாறு எதுவும் இல்லாதவருக்குச் சில மாதங்கள் வாழ்க்கை முறையை மாற்றிப் பார்க்கச் சொல்வது ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான். (2017-ல் அமெரிக்காக்காரர்கள் உயர் ரத்த அழுத்தத்துக்கான கோட்டை 130/80-க்கு இறக்கிவிட்டார்கள். நம் ஊரில் பெரும்பாலான டாக்டர்கள் இன்னும் 140/90-ஐத்தான் கோடாக வைத்திருக்கிறார்கள்.)

என் கேள்வி வேறு. "உப்பைக் குறைங்க" என்று அப்பாவிடம் சொன்னார் அல்லவா? எங்கள் வீட்டு உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே அப்பாவுக்குத் தெரியாது!

இது ஜோக் இல்லை. நம் வீடுகளில் பாதிப் பேருக்கு மேல் இதுதான் நிலைமை. உப்பைப் போடுகிறவர் ஒருவர், உப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை வாங்குகிறவர் இன்னொருவர். அப்பா என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எனக்கு உப்பு கம்மியா போடு" என்றார். அவ்வளவுதான், டாக்டரின் மருந்துச் சீட்டு அம்மாவின் தலைக்கு மாறிவிட்டது.

அன்றிலிருந்து தனிச் சமையல். குழம்பு கொதிக்கும்போதே அப்பாவுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதிக்கு உப்புப் போடுவார் அம்மா. பொரியல் இரண்டு வகை. ரசம் இரண்டு வகை. அப்பா தட்டில் அப்பளம் கிடையாது, என் தட்டில் இரண்டு. ஒரே தரையில் உட்கார்ந்து ஒருவர் மட்டும் தண்டனை அனுபவிக்கிற மாதிரி இருக்கும். ஆச்சி வேறு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. எம் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒவ்வொரு வேளையும் வசனம்.

ஒரு மாதத்தில் என்ன ஆனது தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் வீட்டில் பத்தியம் இருந்த மனுஷன், சாயங்காலம் கடைக்குப் பக்கத்தில் இரண்டு பஜ்ஜியும் ஒரு பொட்டலம் காராபூந்தியும் சாப்பிட்டிருக்கிறார். நாக்கு ஏங்கத்தானே செய்யும்? சுற்றி நாலு பேர் ருசியாகச் சாப்பிடும்போது ஒருவரை மட்டும் ஒதுக்கி வைத்தால் அவர் வெளியே ஓடத்தான் செய்வார். இதற்கு 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்று பேர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிற்க. இந்த நேரத்தில்தான் சித்தப்பா ஒரு டிஜிட்டல் பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுத்தார். புது மெஷின் வந்தால் வீட்டில் எல்லாரும் கையை நீட்டுவோம் இல்லையா? எனக்கு 116/74. ஆச்சிக்கு 138/76. அம்மா மட்டும் வரவில்லை.

"எனக்கெதுக்குடா? எனக்கென்ன நோய்? அடுப்புல பால் இருக்கு."

பாலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிடித்து உட்கார வைத்தேன். 158/98. மெஷின் தப்பு என்றார் அம்மா. மறுநாள் காலை பார்த்தோம். அதற்கு மறுநாளும் பார்த்தோம். ஒரு வாரச் சராசரி 154/96. டாக்டரிடம் கூட்டிப் போனால் சுகரும் இருந்தது.

ஒரு மாதமாக அப்பாவுக்குத் தனிச் சமையல் செய்த அம்மாவுக்கு அப்பாவை விட பிரஷர் அதிகம். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அப்பாவுக்குக் கொடுக்காமல் ஒதுக்கிய ஊறுகாய், மிச்சமான உப்புக் குழம்பு எல்லாம் வீணாகக் கூடாது என்று கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அதுவும் அம்மாதான். அம்மா கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார் என்று டாக்டர் கேட்டார். யோசித்து யோசித்து, "இவன் பிறந்தப்ப" என்றார். எனக்கு இப்போது இருபது வயது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்கிறது. மூன்று பேரில் ஒருவருக்கு மேல்! அப்படியானால் நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு பிரஷர் என்று தெரிந்ததும், மற்ற மூன்று பேருக்கும் பார்ப்பதுதானே முதல் வேலையாக இருக்க வேண்டும்? எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பிரஷர் என்பது அப்பாக்களின் வியாதி என்று எங்கேயோ மனதில் பதிந்துவிட்டது.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். லேசான ரத்த அழுத்தத்தை வாழ்க்கை முறையால் குறைக்க முடியும். ஆனால் அதை ஒரு தனி ஆளின் பத்தியமாக நினைத்தால் தோற்றுவிடுவோம். வீட்டுக்கே ஒரே பானை, ஒரே உப்பு என்று மாறினால்தான் அது நிலைக்கும்.

இது நானாக அடித்து விடுவதில்லை. இந்த விஷயத்தில் மிகவும் பேர்போன இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள்.

முதலாவது 1997-ல் அமெரிக்காவில் வெளியான 'டேஷ்' ஆய்வு. 459 பேர். பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் அதிகமாக உள்ள உணவை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பைக் குறைக்கவில்லை, எடையையும் குறைக்க விடவில்லை. அப்படியும் ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் சுமார் 11 புள்ளி இறங்கியது. சாதாரணமாக ஒரு பிரஷர் மாத்திரை செய்கிற வேலை அது! 2001-ல் அதே குழுவினர் உப்பையும் குறைத்துப் பார்த்தபோது இன்னும் நல்ல பலன் கிடைத்தது. எல்லாரும் மேற்கோள் காட்டுகிற ஆய்வுதான் இது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதில் கலந்துகொண்டவர்களுக்குச் சாப்பாட்டை ஆய்வு நடத்தியவர்களே சமைத்துக் கொடுத்தார்கள். "பழம் சாப்பிடுங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடவில்லை. அடுப்படியே மாறியது, பிரஷரும் மாறியது.

இரண்டாவது சீனாவில் நடந்தது, 2021-ல் முடிவு வெளியானது. 600 கிராமங்கள், கிட்டத்தட்ட 21 ஆயிரம் பேர். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டி பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள். பாதிக் கிராமங்களில் சாதாரண உப்புக்குப் பதிலாக 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். சுமார் ஐந்து வருடத்தில் அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இங்கேயும் அந்த உப்பை நோயாளிக்கு மட்டும் ஒரு பொட்டலம் என்று கொடுக்கவில்லை. முழுக் குடும்பத்துக்கும் ஆகிற அளவு இலவசமாகக் கொடுத்தார்கள். டப்பாவில் உப்பு மாறியது, யாரும் தனியாகப் பத்தியம் இருக்கவில்லை.

(இந்தப் பொட்டாசியம் உப்பு நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சிலவகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். இந்துப்பு, பிங்க் உப்பு என்று விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு ஒரு சலுகையும் தராது.)

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள். சுமார் ஒரு டீஸ்பூன். இதை ஒவ்வொரு குழம்பிலும் அளக்க முடியாது. ஆனால் பாக்கெட்டை அளக்கலாம்! நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். வெளியில் சாப்பிடுவதையும் சேர்த்தால் இன்னும் அதிக நாள் வரவேண்டும். பாக்கெட் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வைத்தேன். மீன் கழுவுகிற கல்லுப்பு இந்தக் கணக்கில் இல்லை. எங்கள் பாக்கெட் வந்தது 24 நாள். அதாவது ஆளுக்கு 10 கிராமுக்கு மேல். அளவைப் போல இரண்டு மடங்கு!

அதன்பிறகு தனிச் சமையலை நிறுத்தினோம். ஒரே குழம்பு, எல்லாருக்கும் உப்புக் கம்மி. ஒரே நாளில் குறைக்கவில்லை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. சோறு வடிக்கும்போது போடுகிற உப்பை முதலில் நிறுத்தினோம், அது யாருக்கும் தெரியவே இல்லை. ஊறுகாய் ஜாடி சாப்பிடும் இடத்திலிருந்து மேல் அலமாரிக்குப் போனது. அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். எலுமிச்சை, மிளகு, சீரகம், மல்லித்தழை கொஞ்சம் தாராளமாக. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பயறு என்று தினமும் ஏதாவது ஒன்று. ராத்திரி ஒரு வாழைப்பழம். கல்லூரி கேன்டீனில் பப்ஸ் வாங்குவதை நானும் நிறுத்தினேன். (சரி சரி, குறைத்தேன்.)

முதல் இரண்டு வாரம் எதற்கும் ருசியே இல்லை. ஆச்சி சாப்பாட்டு ஸ்டிரைக் வரைக்கும் போனார். ஆனால் நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும் என்று படித்திருந்தேன், அது உண்மைதான். இரண்டாவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் சாம்பார் வாயில் வைத்ததும் ஆச்சியே, "என்னடா இது, கடல் தண்ணியா இருக்கு" என்றார். எதிர்க்கட்சி கவிழ்ந்தது :-)

இப்போது ஒரு பாக்கெட் 36 நாள் வருகிறது. ஆளுக்குச் சுமார் 7 கிராம். 50 நாள் இலக்கை இன்னும் தொடவில்லை.

நடைப்பயிற்சி விஷயத்திலும் இதே கதைதான். அப்பா காலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்க ஆரம்பித்தார். அம்மாவையும் நடக்கச் சொன்னார் டாக்டர். "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று நாங்கள் எல்லாரும் சமாளித்தோம். மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி தொடர்ந்து அரை மணி நேரம் நடப்பதும், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் நாள் முழுக்க நிற்பதும் ஒன்றா? அம்மாவுக்கு நடக்க மனசு உண்டு, நேரம்தான் இல்லை. எனவே காலை டிபன் பாத்திரம் கழுவுவது இப்போது என் வேலை. அந்த அரை மணி நேரத்தில் அம்மா மாடியில் நடக்கிறார். 'வாழ்க்கை முறை மாற்றம்' என்று பெரிதாகச் சொல்கிறார்களே, எங்கள் வீட்டில் அதன் பெயர் பாத்திரம் கழுவுவது.

இனி ரிசல்ட். மூன்றாவது மாதம் டாக்டரிடம் அப்பாவுக்கு 138/86. மாத்திரை இப்போது வேண்டாம், இப்படியே தொடருங்கள் என்றார். இப்போது வீட்டில் எடுத்த ஒரு வாரச் சராசரி 131/82. எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. உப்பால் எவ்வளவு இறங்கியது, நடையால் எவ்வளவு, எடையால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சரியாக அளக்க ஆரம்பித்ததாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். முகாமில் மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு பேசிக்கொண்டே கையை நீட்டியிருக்கிறார் மனுஷன்! ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்க, பேசாமல் எடுக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி, சிகரெட் கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். வீட்டில் எடுத்தால் கோடு 140/90 இல்லை, 135/85.

அம்மாவுக்கு டாக்டர் அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்துவிட்டார். சர்க்கரையும் சேர்ந்திருந்தால் மூன்று மாதம் காத்திருக்க முடியாதாம். மாத்திரை, அதே சாப்பாடு, நடை எல்லாம் சேர்ந்து இப்போது 132/82. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "மாத்திரை ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்க விடாது, நாங்க சாப்பாட்டுலயே பாத்துக்கறோம்" என்று நம் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெறும் வயிற்றில் பூண்டு சாப்பிட்டுவிட்டு ஐந்து வருடம் பிரஷரே பார்க்காமல் இருப்பது வாழ்க்கை முறை மாற்றம் இல்லை, ஒளிந்துகொள்வது. சாப்பாடும் நடையும் உண்மையிலேயே மருந்துதான் என்றால் மருந்துக்கு உள்ள கணக்கு அதற்கும் வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள், எண் இறங்கியதா என்று பார்த்தாக வேண்டும். இறங்கவில்லை என்றால் மாத்திரை போட வெட்கப்படக் கூடாது.

"ஒருத்தருக்கு பிரஷர் என்றால் வீடே ஏன் கஷ்டப்படணும்?" என்று ஒரு நண்பன் கேட்டான். இரண்டு பதில். ஒன்று, அந்த 5 கிராம் அளவு நோயாளிக்கு மட்டும் சொன்னது இல்லை, எல்லாப் பெரியவர்களுக்கும் சொன்னது. நீயும் நானும் இப்போதே பழகினால் நாற்பது வயதில் இந்தக் கட்டுரையை இன்னொரு முறை படிக்கத் தேவையில்லை. இரண்டு, ஒருத்தருக்குத்தான் பிரஷர் என்று உனக்கு எப்படித் தெரியும்? மற்றவர்களுக்குப் பார்த்தாயா?

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2021-ல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்த பிறகு பிரஷர் மெஷின் வீட்டு வாசலுக்கே வந்தது. நல்ல விஷயம். வாசல் வரை வந்தவர்கள் அடுப்படியையும் ஒரு எட்டுப் பார்க்கலாம். "உப்பைக் குறைங்க" என்று சொல்வதற்கு முன்னால், "உங்க வீட்டுல யார் சமைக்கிறாங்க? அவங்களுக்கு பிரஷர் பாத்தாச்சா?" என்ற ஒரு கேள்வி போதும். எங்கள் டாக்டர் அதை முதல் நாளே கேட்டிருந்தால் அம்மாவுக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும். சரி, அவரை மட்டும் சொல்வானேன்? அதே வீட்டில் இருபது வருஷமாகச் சாப்பிடுகிற எனக்கே தோன்றவில்லையே!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். நினைத்தால் மட்டும் போதாது. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் விட்டு, உப்பிட்டவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பிரஷர் பாருங்கள். "அடுப்புல பால் இருக்கு" என்பார்கள். பாலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: நான் படிப்பது வணிகவியல், மருத்துவம் இல்லை. 180/120-ஐத் தொட்டாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை கால் மரத்துப் போதல் இருந்தாலோ கட்டுரை படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.